இடப்பக்க ஸ்பீக்கரில் ஒரு பொருக்கு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. சிறு சஞ்சிகை ஒன்றை நடத்தும் நண்பர், அதன் தொழில்நுட்பப் பக்கத்துக்காக என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் படியும் அழுக்கை, ஸ்பீக்கரைப் பழுதாக்காமல் அகற்றுவது எப்படி என்பது பொருள். இப்படிப்பட்ட வேலை கிடைத்தால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று இன்னொருவருக்கு விளங்கச் சொல்வதைவிட இன்பமானது எதையும் நான் இன்னும் காணவில்லை.

எழுதத் தொடங்கினேன்:

"முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டரியைக் கழற்றி வையுங்கள். அடுத்து, காதில் மாட்டும் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். அதில் சத்தம் தெளிவாக இருந்தால் கோளாறு ஸ்பீக்கரில்தான் என்று —"

(வரிசை பிழை. பெட்டரியைக் கழற்றிய கணினியில் ஹெட்போனைச் செருகி எதைக் கேட்பது? இவை இரண்டையும் இடம் மாற்ற வேண்டும்.)

"மூன்றாவது, படிந்திருப்பது என்ன அழுக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்."

இந்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். மெத்தைத் தூசி ஒரு விதம், சிந்திய தேநீர் இன்னொரு விதம், பிஸ்கட் தூள் வேறொரு விதம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதற்கு உதாரணமாக ஓர் ஆளைத் தேடினேன். அவர் மேசைமேல் குனிந்தபடி வந்து சேர்ந்தார். கையில் ஒரு சாமணம். அதன் நுனியில் கடுகளவு ஒரு பொருக்கு. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, தெரியாததால் பயந்துபோயிருந்தார். இடம் கண்டி, ஆண்டு 2008, யுத்தம் முடியாத காலம்.

நண்பர் இன்னும் கட்டுரைக்காகக் காத்திருக்கிறார்.

2

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கண்டியில் அன்று காலையிலிருந்தே மழை —" (வேண்டாம். நவம்பரில் கண்டியில் மழை பெய்கிறது என்று சொல்ல ஒருவர் கதை எழுத வேண்டியதில்லை.)

இரண்டாவது: "அந்தப் பெண் படியேறி வந்தபோதே லாபிருக்குச் சந்தேகம் தட்டியது." (பொய். சந்தேகம் அப்படி வாசலிலேயே வருவதில்லை. சின்னச் சின்னதாக வந்து சேர்ந்து, ஒரு கட்டத்துக்கு மேல்தான் சத்தம் போடத் தொடங்கும். இந்த இடத்தில் எனக்கு ஓர் உவமை கிடைத்தது. எழுதவில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

3

லாபிர் கண்டிக்கு அருகிலுள்ள அலவத்துகொட ஊர்க்காரர். கண்டிச் சந்தைக்குப் பின்னால், எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எரிக்கப்பட்ட ஒரு புடவைக்கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக் கணினி திருத்தி வந்தார். கட்டடத்துக்குப் பலமுறை வர்ணம் பூசிவிட்டார்கள். ஆனாலும் மழை நாட்களில் கூரை வளையில் கரி நிறம் மெல்ல வெளியே வரும். ஏறி இறங்க ஒரேயொரு மரப்படிக்கட்டு. யார் வந்தாலும் காலடிச் சத்தம் முதலில் வந்துவிடும்.

அன்று பகலில் வந்த காலடி மெதுவானது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. பேராதனைப் பக்கம் ஏதோ திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருக்கும் பெண், பெயர் கமலாசனி. முப்பது வயதிருக்கும். நனைந்த குடையை வெளியே வைத்துவிட்டு, துணிப்பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்ன செய்யுது மிஸ்?"

"இடப்பக்கம் கரகரக்குது நானா. ஆர் கதைச்சாலும் குடத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் 'நானா'வை அவள் சொன்னாலும், பேச்சிலேயே யாழ்ப்பாணம் என்று லாபிருக்கு விளங்கிவிட்டது. ஹெட்போனைச் செருகிக் கேட்டார். சத்தம் தெளிவாக இருந்தது. கோளாறு ஸ்பீக்கரில்தான்.

"வெச்சிட்டுப் போங்க. பின்னேரம் தாறேன்."

"இல்லை, நான் இதிலையே இருக்கிறன்."

"கழட்டிப் பாக்கணும். நேரம் எடுக்கும்."

"கழட்ட வேண்டாம்." அவள் குரல் சற்று உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "வெளியால மட்டும் துப்பரவாக்கித் தாங்கோ."

"வெளியால தொடைக்கிறதுக்கு என்னத்துக்கு மிஸ் என்னட்ட வந்தீங்க? வீட்டுல ஒரு துண்டு இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "கழட்டினால் வரண்டி போயிடும்."

லாபிர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் இந்த நாட்டுக் கடை எதனுடைய ஒட்டுச்சீட்டும் இல்லை. விசைப்பலகையில் Y இருக்க வேண்டிய இடத்தில் Z இருந்தது. ஜேர்மனியில் விற்கும் கணினிகளில்தான் அப்படி இருக்கும். யாரோ அங்கிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் வரண்டி எங்கிருந்து வரும்? இது ஒரு பொய்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நடுவில் மட்டும், சுற்றியிருந்த தோலைவிட வெளுத்து, வட்டமாக ஒரு சின்னத் தடம். ஏதாவது தோல் வருத்தமாக இருக்கும் என்று நினைத்துப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

(இங்கே விளக்கம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மடிக்கணினி ஸ்பீக்கர் என்பது காகிதம் போன்ற ஒரு மெல்லிய சவ்வு. அதன் முதுகில் ஒரு கம்பிச்சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். மின்சாரம் சுருளை முன்னும் பின்னும் தள்ள, சவ்வு அதிர்கிறது, நமக்குக் குரல் கேட்கிறது. சவ்வுக்கு மேலே துவாரங்கள் உள்ள மூடி. துவாரம் அடைத்தால் சத்தம் அமுங்கும். உள்ளே விழுந்த துகள் சவ்வைத் தொட்டால் கரகரக்கும். ஆகவே ஊசியால் குத்தக் கூடாது, சவ்வு கிழியும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். நண்பரின் கட்டுரையில் இதை எழுதியிருக்க வேண்டும்.)

லாபிர் இதையெல்லாம் அறிந்தவர். பெட்டரியைக் கழற்றினார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, துவாரங்கள் தாளைப் பார்க்கும்படி கணினியைக் கவிழ்த்துப் பிடித்தார். அழுக்கு உள்ளே போகாமல் வெளியே விழ வேண்டும் என்பதற்காக. வர்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையால், அழுத்தாமல், பக்கவாட்டில் தடவினார்.

தாளில் தூள் விழுந்தது. சாம்பல் கலந்த மஞ்சள்.

சாமணத்தால் ஒரு பொருக்கைக் கிளப்பினார். அதன் ஓரம் சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவர் பார்த்த அழுக்குகளில் இப்படியொன்று இல்லை. தூசி பஞ்சு போலிருக்கும். தேநீர் காய்ந்தால் பளபளக்கும். இது உடைத்தால் மாவாகப் போனது.

"இது என்ன மிஸ்?"

"தூசியா இருக்கும்."

"தூசி இப்படி மஞ்சளா இரிக்காதே."

"தெரியேல்லை நானா." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது பொய்.

போன வாரம்தான் ஒரு போலீஸ் சார்ஜன்ட் இந்தத் தெருவின் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார். லாபிரின் கதிரையில் இருந்து பிளேன் டீ குடித்தார். வயர், தூள், பெட்டரி, எது வித்தியாசமாகப் பட்டாலும் அறிவிக்க வேண்டும் என்றார். சுவர்க் கலண்டரில் தன் இலக்கத்தைத் தானே எழுதினார். "சொல்லாமல் விட்டு, பிறகு தெரிய வந்தால் அவர்களைக் கேட்க மாட்டோம், உன்னைத்தான் கேட்போம்" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தெருவில் ரேடியோ திருத்தும் ஒருவரை அப்படிக் கேட்பதற்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் இப்போது ரேடியோ திருத்துவதில்லை.

"கொஞ்சம் இருங்க மிஸ். ஸ்பிரிட் எடுத்திட்டு வாறேன்."

லாபிர் அலுமாரிக்குப் பின்னால் போனார். ஸ்பிரிட் போத்தல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் முதலில் எடுத்தது கைத்தொலைபேசியை. தாழ்ந்த குரலில், சிங்களத்தில் சொன்னார்: ஒரு யாழ்ப்பாணப் பெண், வெளிநாட்டு லெப்டொப், உள்ளே மஞ்சள் தூள், கழற்ற விடுகிறாள் இல்லை.

"பிடித்து வை. வருகிறேன்" என்றது மறுமுனை.

4

இந்த அழைப்பை எடுக்க விடாமல் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். லாபிர் நல்லவராக இருந்தார். ஸ்பீக்கர் சுத்தமானது. பெண் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வாசிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டில், அந்தக் கலண்டருக்குக் கீழே உட்கார்ந்து தொழில் செய்த ஒருவரை நான் நம்பும்படி எழுதவில்லை என்று எனக்கே தெரிந்தது. லாபிருக்கும் சோதனைச்சாவடி உண்டு. அவரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி, தமிழா என்று கேட்டிருக்கிறார்கள். முஸ்லிம் என்று சொன்ன பிறகும் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பயந்தவர் இன்னொருவரைப் பயத்துக்குக் கொடுத்துத் தான் தப்பப் பார்த்தார். அவரை நான் நியாயப்படுத்தவில்லை. எப்படி இயங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எந்த வரியில் அவளைச் சந்தேகித்தீர்கள்? கழற்ற வேண்டாம் என்றபோதா? Z என்ற எழுத்திலா? அந்த எழுத்தை அங்கே வைத்தது நான்தான். ஜேர்மனியில் விற்கும் எல்லாக் கணினியிலும் Z அங்கேதான் இருக்கும், ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டு அக்காவுக்குக் கணினி வாங்கி அனுப்பும் தம்பியின் கணினியிலும்கூட. இதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டேன். கதை எழுதுபவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சார்ஜன்ட்டும் அதையேதான் செய்கிறார்: தெரிந்ததில் பாதியை மறைத்துவிட்டு மற்றவர் முகத்தைப் பார்ப்பது.

5

லாபிர் போத்தலோடு திரும்பி வந்தார். இப்போது அவருக்கு வேலையை இழுத்தடிக்க வேண்டியிருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, துணியில் ஒற்றி எடுத்தார். சொட்டுமளவுக்கு ஈரம் இருக்கக் கூடாது, துவாரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். காய்ந்திருந்த பொருக்கின் மேல் மெல்லத் தொட்டார்.

பஞ்சில் மஞ்சள் ஏறியது. கூடவே மணம் வந்தது.

முதலில் ஸ்பிரிட்டின் காரம். அது பறந்தபின் அதற்கடியில் இன்னொன்று. லாபிர் மூக்கைப் பஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நகரத்துக் கோயில் தேர் வரும்போது இந்தத் தெருவில் இந்த மணம் இருக்கும். கீழே பூக்கடைக்காரர் பழனியாண்டி வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் இழுத்துக்கொண்டு மேலே வந்து சில்லறை கேட்கும்போதும் இதே மணம்தான்.

(சந்தனக்கட்டையின் எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும். பொருக்காக இறுகியபோது அடங்கிக் கிடந்த மணத்தை ஸ்பிரிட் கிளப்பிவிடும். குங்குமத்தில் இருப்பது பெரும்பாலும் மஞ்சளும் சுண்ணாம்பும். மஞ்சளின் நிறமும் ஸ்பிரிட்டில் கரையும். போலீசை அழைக்க அவர் சாட்டாகச் சொன்ன ஸ்பிரிட்தான் இந்தப் பதிலையும் கொடுத்தது. இதை நான் திட்டமிடவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.)

அவர் நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தார். வெளுத்த வட்டம் தோல் வருத்தமல்ல என்று இப்போது தெரிந்தது.

"தங்கச்சி, இது சந்தனமா?"

மிஸ் போய்த் தங்கச்சி வந்ததை அவள் கவனித்தாள்.

"சரஸ்வதி பூசைக்கு அம்மா வைச்சவா. வீட்டில இருக்கிற புத்தகம், தையல் மெசின், கத்தரிக்கோல் எல்லாத்துக்கும் வைச்சுக்கொண்டு வந்து, இதுக்கும் வைச்சிட்டா. ரெண்டு பக்கமும் வட்டமா இருக்கெல்லோ, நெத்தி எண்டு நினைச்சாவோ என்னவோ. வட்டத்துக்கு ஒண்டு. இடப்பக்கம் கொஞ்சம் தாராளம். நான் கந்தோரால வேலை முடிஞ்சு வந்து பாக்கேக்க காய்ஞ்சு போச்சு. துடைச்சன், உள்ளுக்கை இறங்கிட்டுது."

"அத மொதல்லயே செல்லியிருக்கலாமே!"

"எப்பிடி நானா சொல்லுறது? என்ர நெத்தியில இருந்ததையே பஸ்ஸுக்குள்ள எடுத்துக் கைப்பைக்குள்ள ஒட்டி வைச்சிட்டுத்தான் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில இறங்கினனான். லெப்டொப் பொட்டு வைச்சிருக்கு எண்டு உங்களிட்டச் சொல்லவோ?"

லாபிர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார். சொல்லாமல் விட இன்னும் நேரமிருந்தது. சொல்லவும் இருந்தது.

"தங்கச்சி, நான் ஒரு கோல் எடுத்திட்டேன்."

"ஆருக்கு?"

அவர் கலண்டரைக் காட்டினார். அவள் இலக்கத்தைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் சிங்களத்தில் எழுதியிருந்த பதவியை வாசித்தாள். திணைக்களத்தில் வேலை செய்பவளுக்கு அந்த அளவுக்குச் சிங்களம் தெரியும்.

"ஸ்பிரிட் எடுக்கப் போன நேரமோ?"

"ஓ," என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"நல்ல வேளை," என்றாள் அவள். "வீட்டில ஒரு துண்டு இல்லாமல் உங்களிட்ட வந்தன்."

6

இந்த இடத்திலிருந்து வெளியே போகப் பல வழிகளைப் பார்த்தேன்.

அவள் உடனே கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். எழுதினேன். படிக்கட்டு ஒன்றுதான். கீழ்ப்படியில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். ஓடுகிற பெண்ணின் பையில் இருப்பது எதுவாக இருந்தாலும் அது —

(போதும். அடித்துவிட்டேன்.)

லாபிர் இன்னொரு அழைப்பு எடுத்துத் தவறு நடந்துவிட்டது என்று சொல்லலாம். அதையும் எழுதினேன். "யார் உன்னை மிரட்டியது?" என்று கேட்டது மறுமுனை. சொன்னதைத் திருப்பி வாங்குபவன் சொல்லாதவனைவிடச் சந்தேகத்துக்குரியவன்.

தாளைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாம். மழை கழுவிவிடும். ஆனால் மஞ்சள் தூள் என்று அவரே சொல்லியாயிற்று. தூள் எங்கே என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அவளைச் சிக்க வைத்த தூள்தான் இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சி. லாபிர் இதை என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டார். தாளை நான்கு பக்கமும் மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு திருப்புளியை வைத்தார்.

ஸ்பிரிட் காயும் வரை கணினியை இயக்கக் கூடாது. இருவரும் எதிரெதிரே இருந்து அது காயக் காத்திருந்தார்கள்.

"வேற என்ன இரிக்கி உள்ள?" என்று லாபிர் கேட்டார். "எனக்குச் செல்ல வேணாம். யோசிச்சு வெச்சுக்கோங்க. அவர் கேப்பார்."

"அப்ப நீங்களும் நினைக்கிறீங்கள்."

லாபிர் போத்தலின் மூடியை இறுக்கினார்.

(நானும் கேட்டேன். ஏன் கழற்ற விடவில்லை? மூன்று காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். திருத்துகிறவர்கள் நல்ல பாகங்களைக் கழற்றிப் பழையதைப் போட்டுவிடுவார்கள் என்று கந்தோரில் யாரோ சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கும் படங்களைப் பார்ப்பார்கள் என்ற கூச்சமாக இருக்கலாம். மூன்றாவது காரணத்தை எழுதிவிட்டு மறைத்து வைத்திருக்கிறேன். அந்த ஆண்டில் ஊர்த் திருவிழா வீடியோவில் தூரத்தில் பறக்கும் ஒரு புலிக்கொடி போதும். எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. ஆனால் அவளுடைய கணினியைத் திறந்து பார்த்தால், லாபிருக்கும் சார்ஜன்ட்டுக்கும் அடுத்த ஆளாக நான் வரிசையில் நிற்பேன்.)

7

மரப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. எந்தப் படியிலும் நிற்காமல் வந்தது.

சார்ஜன்ட் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. லாபிர் எழுந்து நின்று, கேட்கும் முன்பே தாளை விரித்துக் காட்டினார். பூசைக்கு வைக்கும் சந்தனம், சேர், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது அவளுக்கும் சார்ஜன்ட்டுக்கும் நடுவில் நின்றிருந்தார். அங்கே நிற்பதென்று அவர் முடிவெடுத்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அங்கே நின்றிருந்தார்.

சார்ஜன்ட் தாளைத் தூக்கி முகர்ந்தார். கண்டியில் வளர்ந்தவர். சிங்களவர்களும் கும்பிடும் கதிர்காமக் கந்தன் தேவாலயத்தில் பூசாரி நெற்றியில் வைத்துவிடும் பொட்டு இந்த மணம்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் முகம் ஒரு கணம் வேறு யாருடையதோ போலானது.

(அங்கே முடித்துவிட ஆசையாக இருந்தது. ஒரே சந்தனம், மூன்று மூக்குகள், அனைவரும் புன்னகைக்கிறார்கள். எழுதிவிட்டு வாசித்தேன். என் சந்தோஷமே எனக்குச் சந்தேகமாக இருந்தது.)

அவர் தாளைக் கீழே வைத்தார். "ஹரி," என்றார், சரி என்பதைச் சிங்களத்தில். பிறகு, தூள் சந்தனம் என்றால் கழற்ற வேண்டாம் என்றது எதற்கு என்று கேட்டார்.

லாபிர் தொலைபேசியில் சொன்ன கடைசி வார்த்தை அது. அதை எந்த ஸ்பிரிட்டாலும் அழிக்க முடியாது.

அவள் வாயைத் திறந்தாள். சார்ஜன்ட் கையை உயர்த்தி நிறுத்தினார். கணினியைக் காட்டினார். "ஒன் கரன்ன." இயக்கு.

லாபிர் பெட்டரியைப் பொருத்தினார். திரை வெளிச்சமானது. சார்ஜன்ட் காட்டித் திறக்க வைத்த ஒரு கோப்புறைக்குள் ஒலிப்பதிவுகள் வரிசையாக இருந்தன. பெயர்கள் தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில். சார்ஜன்ட்டால் எழுத்தை வாசிக்க முடிந்தது, பொருள் விளங்கவில்லை. விளங்காத எல்லாமே அவருக்கு ஒரே மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். ஈர விரலைத் திரையில் ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மேக்க," என்றார் அவளிடம். இதைப் போடு.

கமலாசனி லாபிரைப் பார்த்தாள். லாபிர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அவர் தன் வேலையை நன்றாகச் செய்திருந்தார். துவாரம் ஒவ்வொன்றும் திறந்திருந்தது. சவ்வு தடையில்லாமல் அதிரும். அதிலிருந்து வரப்போகும் குரல் தம்பியுடையதோ, அம்மாவின் தேவாரமோ, வேறு எதுவோ, கீழே பூக்கடை வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் கேட்கும். குடத்துக்குள்ளிருந்து வந்திருந்தால் இருவருக்குமே இப்போது நல்லதாக இருந்திருக்கும்.

அவள் விரல் விசைமேல் இருக்கிறது. அதை அழுத்த என்னால் முடியாது. என்ன ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதுமில்லை. உங்களுக்கு ஏற்கெனவே ஏதோ ஒன்று கேட்கத் தொடங்கியிருக்கும். அதைத்தான் சார்ஜன்ட்டும் கேட்கப் போகிறார். ஆகவே நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

அதற்கு முன்னால், கட்டுரையில் எழுதாமல் விட்ட கடைசிக் குறிப்பு. சுத்தம் செய்த ஸ்பீக்கரை முதன்முறை இயக்கும்போது, சத்தத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.